ஓட்டுக் கூரை போட முன்னம், தம்பி

தம்பி, லண்டன் ஹரோவில் வீடு வாங்கினது பெரிய சந்தோசம். பின்பக்கத்துக் கொன்சவேற்றரி, அதுதான் வீட்டோடு ஒட்டின கண்ணாடி அறை, மாரியில் இருக்கேலாத குளிர், பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக் தகட்டுக் கூரையைக் கழற்றிப்போட்டு ஓட்டுக் கூரை போடலாமோ, எவ்வளவு முடியும், என்ன நிறம் நல்லம், அனுமதி ஒன்றும் தேவையில்லை என்று கொம்பனிக்காரர் சொல்வது உண்மையோ என்று கேட்டிருக்கிறீர்கள். விலையை மூன்று பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். நிறம் உங்கள் விருப்பம். கடைசிக் கேள்விக்குத்தான் நான் மறுமொழி எழுத வேண்டும்.

அது உண்மையில்லை. 30 சதுர மீற்றருக்குக் குறைந்த கொன்சவேற்றரிக்கு, வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிக்கதவு அப்படியே இருக்கும்வரை, கட்டட விதிகளிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. வெளிச்சம் புகாத கூரையாக மாற்றினால் அந்த விலக்கு போய்விடும். கட்டட விதிப்படி வேலை நடக்கிறதோ என்று சோதிக்கிற பில்டிங் கொன்ட்ரோலுக்கு விண்ணப்பித்து, வேலை முடிய சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும். பிளானிங் அனுமதி, அதாவது கட்டடத்தின் அளவும் வெளித்தோற்றமும் பற்றிய அனுமதி, வேறு விசயம், அது பல வீடுகளுக்குத் தேவைப்படாது. அதைத்தான் விற்கிறவர்கள் இதோடு சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். நாளைக்கு வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவரின் சொலிசிற்றர் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

அடுத்தது பாரம். அந்தப் பிளாஸ்ரிக் சட்டங்கள் மெல்லிய தகட்டைத் தாங்கச் செய்தவை. மரமும் ஓடும் பனியும் ஏறினால் தாங்குமோ என்று கணக்குப் பார்க்க வேண்டும், சிலவேளை இரும்புச் சட்டம் வைக்க வேண்டிவரும். சுவரோரம் ஒரு குழி வெட்டி அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று காட்டச் சொல்லுங்கள். லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், பக்கத்தில் பெரிய மரம் நின்றால் இன்னும் மோசம். குழி வெட்டப் பஞ்சிப்படுகிற ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

முற்பணத்தில் ஒரு பங்கையாவது கிரெடிட் காட்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுணுக்குள் என்றால், வேலை பிழைத்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி காட் கொம்பனியும் பொறுப்பு.

பழைய கூரையை வைத்துக்கொண்டு, அடியில் குளிர் தடுக்கிற பஞ்சும் பிளாஸ்ரர்போட் பலகையும் அடித்துத் தருகிறேன் என்று எங்கடை ஆள் ஒருவர் எனக்கு 2008இல் செய்து தந்தார். காற்றோட்டத்துக்கு இடைவெளி விடவில்லை. மூன்றாம் மாரியில் மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம். பலகையைக் கழற்றினால் பஞ்சு பிழிந்தெடுக்கலாம் போல் நனைந்திருந்தது, சட்ட மரத்துக்குள் என் பெருவிரல் நகம் இறங்கியது. பிறகு பில்டிங் கொன்ட்ரோலுக்கு நானே எழுதி, நானே குழி வெட்டிக் காட்டி, முறையாக ஓட்டுக் கூரை போட்டேன். சான்றிதழ் வீட்டு உறுதியோடு இருக்கிறது.

இன்னொன்று. கூரை போட்டு முடிய அதை அறையென்று படிக்க வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடாதீர்கள். "நாங்களும் அப்பிடித்தானே இருந்தனாங்கள்" என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 1999இல் ஈஸ்ற் ஹாமில் நான் அப்படித்தான் இருந்தேன், கிழமைக்கு 40 பவுண். விடியப்புறம் கூரையில் பூத்த தண்ணி சொட்டிப் போர்வை நனையும். ஒருநாள் வவுனியாவில் கொமியூனிக்கேசன் கடைக்கு வந்து நின்ற அம்மாவோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருக்க மழை கொட்டத் தொடங்கிவிட்டது. "என்ன சத்தம் மோனை, தகரக் கொட்டிலிலையோ இருக்கிறாய்?" என்று கேட்டா. கண்ணாடி அறை அம்மா, நல்ல வெளிச்சம் என்றேன்.