ஆண்டிஸ் மலையின் நாட்டு உருளைக்கிழங்கில் சாதாக் கிழங்கைவிடப் பல மடங்கு சத்து உண்டா? சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா?

வீட்டில் யாருக்கோ சர்க்கரை. வாட்ஸப்பில் ஊதாக் கிழங்கை இரண்டாக வெட்டிய படம் வந்திருக்கிறது. கேள்வியைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

முதலில் அந்தப் 'பல மடங்கு'. ஆய்வுகளில் இரும்பு, துத்தநாகம் எல்லாம் பெரும்பாலும் உலர் எடைக்குத்தான், அதாவது நீரை நீக்கிய பிறகுள்ள எடைக்குத்தான் தரப்படும். கடையில் விற்கும் கிழங்கின் அட்டவணையோ ஈர எடைக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான்கைந்து மடங்கு சும்மாவே ஏறிவிடும். ஒரு கிலோ உலர் எடையில் 20 மி.கி. இரும்பு என்று போட்டிருந்தால், 75 சதவீதம் நீருள்ள கிழங்கில் அது 100 கிராமுக்கு 0.5 மி.கி. மட்டுமே. தோலோடு வேகவைத்த சாதாக் கிழங்கிலேயே சுமார் 0.3 மி.கி. உண்டு. மண் ஒட்டிய கிழங்கைச் சரியாகக் கழுவாமல் சோதித்தாலும் இரும்பு கூடுதலாகக் காட்டும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வகம் அலுமினியத்தையும் சேர்த்து அளக்கிறது. அது ஏறியிருந்தால் அந்த இரும்பு மண்ணுடையது.

நாட்டுக் கிழங்கை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வித்தியாசம் இருக்கிறது. அது எதில் என்பதுதான் விஷயம்.

ஊதாவும் சிவப்பும் ஆந்தோசயனின் என்ற நிறமி. மஞ்சள் என்றால் லூட்டின், சியாசாந்தின் போன்ற கரோட்டினாய்டுகள். பெருவில் 'பாப்பா அமரிய்யா' என்று விற்கும் மஞ்சள் கிழங்குகள் இந்த வகை. இவை கண்ணின் விழித்திரைக்கு வேண்டியவை. ஆனால் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் இதில் மிகக் குறைவு, ஆகவே மஞ்சள் கிழங்கை வைட்டமின் ஏ கணக்கில் சேர்க்காதீர்கள். ஊதாவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆந்தோசயனின் உள்ளிட்ட அதன் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மஞ்சள் கிழங்கின் இரும்பு உடலில் சேரும் அளவுக்கு ஊதாக் கிழங்கின் இரும்பு சேர்வதில்லை. இரத்தசோகைக்காகத் தேடுபவர் ஊதாவின் பின்னால் ஓடுவது வீண்.

சர்க்கரைக்கு வருவோம். சாதாக் கிழங்கில் உலர்பொருள் 20 சதவீதம் அளவு என்றால், வாய்ரோ, பெருவானித்தா போன்ற ஆண்டிஸ் மாவு வகைகளில் அது 25 சதவீதத்தையும் தாண்டும். நீர் குறைந்தால் அதே 100 கிராமில் மாவுச்சத்து கூடத்தானே செய்யும்? நிறம் மாவுச்சத்தைக் கரைத்துவிடாது. வேகவைத்து ஆறவைத்தால் ஒரு பங்கு மாவு செரிக்காத மாவாக மாறும் என்பது உண்மை. அது சின்னப் பங்கு, அதை நம்பி இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொள்ள முடியாது. மாத்திரை, இன்சுலின் அளவை இதை வைத்து மாற்ற வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கடைகளில் எதற்கு முன்னாலும் 'நாட்டு' என்று ஒட்டி இருபது ரூபாய் கூட்டுகிறார்கள். வேற்றூர்க் கிழங்கில் செம்மண் பூசி 'ஊட்டி உருளை' ஆக்கும் கூத்தும் நடக்கிறது. உருளைக்கிழங்குக்கு நாடு என்றால் அது ஆண்டிஸ்தான். அங்கே 4,000க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரே வயலில் பல வகைகளைக் கலந்து நட்டுக் கலந்தே தின்பார்கள். கெச்சுவா மொழியில் அந்தக் கலவைக்கு 'சாக்ரு' என்று பெயர். ஒரு வகையில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கும். அறுவடைக் காலத்தில் பெரியவர் ஒருவர் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் தின்பார். வேகவைத்த கிழங்கில் 100 கிராமுக்கு 13 மி.கி. வைட்டமின் சி என்றாலும் அந்த அளவில் ஒரு நாள் தேவை முக்கால்வாசி முடிந்துவிடும். வாரம் ஒருமுறை நான்கு வில்லை ஊதாக் கிழங்கு தின்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கிடைத்தால் எப்படி வேகவைப்பது? தோல் சீவாமல், வெட்டாமல். ஆந்தோசயனினும் வைட்டமின் சி-யும் நீரில் இறங்குபவை. பாத்திரத்து நீர் ஊதாவாக மாறினால் காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டப் போகிறீர்கள் என்று பொருள். குளிர்ந்த நீரில் போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். கொதி தாறுமாறாக வந்தால் மாவு வகைகள் வெடித்துக் கஞ்சியாகிவிடும். குக்கர் விசில் இவற்றுக்கு ஆகாது. குச்சி இறங்கியதும் வடித்து, அதே சூட்டில் ஈரம் போக விடுங்கள்.

இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சொலானின், சாக்கோனின் என்ற நச்சுப் பொருள்கள் ஏறும், வேகவைத்தாலும் போகாது. 100 கிராமுக்கு 20 மி.கி. என்பதே பொதுவாக ஏற்கும் உச்சவரம்பு. வெள்ளைத்தோல் கிழங்கு பச்சையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். கருந்தோலில் அந்தப் பச்சை தெரியாது. வேகவைத்ததில் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள்; கசந்தாலோ தொண்டை எரிந்தாலோ முழுவதையும் போட்டுவிடுங்கள்.

மலை உச்சியில் விளையும் கசப்பு வகைகளை அங்கேயே யாரும் அப்படியே தின்பதில்லை. ஜூன், ஜூலை உறைபனியில் இரவில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, காயவைத்து 'சூன்யோ' ஆக்குவார்கள். வெள்ளை வகையான 'துந்தா'வை ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். கசப்போடு வைட்டமின் சி-யும் புரதத்தில் ஒரு பகுதியும் போய்விடும், மாவுச்சத்து நிற்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. இணையத்தில் சூன்யோ வாங்கினால் இரவு முழுக்க ஊறவையுங்கள், நீரை இரண்டு முறை மாற்றுங்கள். அதன் அட்டவணையில் இருப்பது காய்ந்த எடைக்கான கணக்கு. ஊறியபின் அதுவே பல மடங்கு குறையும்.