அக்டோபரில் வீட்டுக்குள் இருக்காதே, தங்கச்சி

உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஜூலையில் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்திருக்கிறாய். மருத்துவமனையில் நர்ஸ் வேலை, வாரத்துக்கு மூன்று நீண்ட ஷிப்ட். மற்ற நாளெல்லாம் அறைக்குள்ளேயே போகிறது. செப்டம்பர் முடிவதற்குள்ளேயே இருட்டிக்கொண்டு வருகிறதே, மார்ச் வரைக்கும் எப்படித் தள்ளுவது என்று கேட்டிருக்கிறாய். வார்டில் கூட வேலை செய்கிற ஒரு அம்மா, "அக்டோபரில் பிராட்கேட் பார்க் போய் மானைப் பார்" என்றாராம். மானைப் பார்க்க இந்தக் குளிரில் எதற்கு, தனியாகப் போகலாமா, செலவாகுமா என்பது உன் சந்தேகம். என்னை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன்.

கட்டாயம் போ. அந்த அம்மா உனக்கு நல்ல வழிதான் காட்டியிருக்கிறார்.

நான் 2007 செப்டம்பரில் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்தேன். இடுப்பில் ஒன்றரை வயது மகள். வீட்டுக்காரர் காலையில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவார். முதல் இரண்டு மாதம் திரைச்சீலையைக்கூட நான் சரியாகத் திறக்கவில்லை. ஊரில் ஐப்பசி அடைமழை என்றால் தவளைச் சத்தமும் வாய்க்கால் நிறைந்து ஓடுவதுமாக அதுவே ஒரு கொண்டாட்டம். இங்கே மழை சத்தமே இல்லாமல் நாள் முழுக்கத் தூவிக்கொண்டிருக்கும். அந்த அமைதிதான் என்னை ரொம்பப் படுத்தியது. மழை விடட்டும், வெயில் வரட்டும் என்று காத்திருந்தே முதல் குளிர்காலம் முழுவதும் போயிற்று. நீ அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த வருடம் அக்டோபரில், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் எங்களைக் காரில் ஏற்றி பிராட்கேட்டுக்குக் கூட்டிப் போனார்கள். காலை எட்டு மணி இருக்கும். புல்வெளியில் இடுப்பளவு பனிமூட்டம், அதற்கு மேலே ஓக் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அப்போது ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துவதும் சிங்கம் உறுமுவதும் சேர்ந்தாற்போல, அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு முழக்கம். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் கொம்புதான் வெளியே வந்தது. கிளை கிளையாக, காய்ந்த பெரணி இலைகள் தொங்க. அப்புறம்தான் மான் தெரிந்தது. மான் என்றால் பயந்து ஓடுகிற சின்ன உயிர் என்று நினைத்திருந்த எனக்கு, ரெட் டீர் என்று இவர்கள் சொல்லும் அந்தச் செந்நிறக் கடா ஒரு காளை அளவுக்குத் தெரிந்தது. நன்றாக வளர்ந்தது நூறு கிலோவை எளிதாகத் தாண்டும்.

அக்டோபரில்தான் ஏன் என்று கேட்டாயே, காரணம் இதுதான். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இவை இணைசேரும் காலம், அக்டோபர் அதன் உச்சம். இங்கே இதை 'ரட்' என்பார்கள். வருடம் முழுக்கத் தனித்தனிக் கூட்டமாக மேயும் ஆணும் பெண்ணும் இப்போதுதான் ஒன்று சேரும். பெரிய கடா ஒன்று பெண்மான்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு, வேறு எதுவும் நெருங்காமல் இரவு பகலாகக் காவல் காக்கும். அந்த வாரங்களில் அது சாப்பிடுவதே அபூர்வம், கண்ணுக்குத் தெரிய உடம்பு இளைத்துப்போகும். சேற்றில் புரளும். பெரணிப் புதரைக் கொம்பால் குத்திக் கிழித்துத் தலையில் சூடிக்கொள்ளும், பார்ப்பதற்கு இன்னும் பெரிதாகத் தெரியும். முழங்குவதும் அதற்குத்தான். எதிராளி எவ்வளவு பலசாலி என்பதைக் குரலிலேயே எடை போட்டுக்கொள்வார்கள். அப்படியும் முடிவு தெரியவில்லை என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இணையாக நடக்கும். உடம்பை ஒருவருக்கொருவர் காட்டுகிற நடை அது. பெரும்பாலும் ஒன்று அதோடு விலகிப்போகும். விலகாவிட்டால்தான் சண்டை. கொம்போடு கொம்பு மோதுகிற சத்தம் அரை மைலுக்குக் கேட்கும்போல இருக்கும்.

அங்கே இன்னொரு வகையும் உண்டு, ஃபேலோ டீர். கோடையில் உடம்பில் வெள்ளைப் புள்ளி இருப்பதால் நம் ஆட்கள் பார்த்ததும் புள்ளிமான் என்று குதிப்பார்கள். நானும் குதித்தேன், கிண்டியில் பார்த்த ஞாபகம். ஆனால் இது வேறு. ஆணின் கொம்பு விரித்த உள்ளங்கைபோலப் பட்டையாக இருக்கும், குளிர்காலத்தில் பலவற்றுக்குப் புள்ளி மங்கிவிடும். பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் சுமார் 11ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவை. இவற்றின் ஆண் முழங்காது, தொண்டைக்குள்ளேயே ஏப்பம் விடுவதுபோல விட்டுவிட்டு உறுமும். சத்தத்தை வைத்தே எது எங்கே நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல எனக்கு நாலைந்து வருடம் ஆனது. அந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் பெரிது, இந்த மண்ணில் யாரும் சொல்லித்தராமல் ஒன்றைத் தெரிந்துகொண்டேன் என்று.

கொம்பு பற்றி ஒன்று. ஒவ்வொரு வசந்தத்திலும் அவை விழுந்துவிடும். கோடை முழுக்க வெல்வெட் தோல் மூடி மறுபடி வளரும், இலையுதிர் காலம் தொடங்குவதற்குள் அந்தத் தோல் உரிந்து கெட்டிப்படும். அத்தனை பெரிய கொம்பும் ஒரே வருடத்து வளர்ச்சி.

இப்போது பயத்துக்கு வருகிறேன். பூங்காவில் மனிதர்களைப் பற்றிப் பயப்பட எதுவும் இல்லை, காலையிலிருந்தே ஆள் நடமாட்டம் இருக்கும். மானிடம்தான் மரியாதை வேண்டும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில், ரட் காலத்தில் அதற்கும் மேலே. இரண்டு கடாக்களுக்கு நடுவிலோ, கடாவுக்கும் அதன் பெண்மான்களுக்கும் நடுவிலோ ஒருபோதும் போகாதே. நான் ஒரு முறை போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கிக் கிட்டே போனேன். பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார். திரும்பிப் பார்த்தால், நான் கவனிக்காத இரண்டாவது கடா ஒன்று இருபது அடியில் தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது. அதட்டியவர் மெல்லப் பின்னால் நடந்து வரச் சொன்னார். அப்புறம் தன் பைனாகுலரைக் கொடுத்து, இங்கிருந்தே அதன் கண் இமையைக்கூடப் பார்க்கலாம் என்றார். பார்த்தேன், உண்மைதான். எதையும் ஊட்டாதே, ரொட்டித் துண்டுகூட வேண்டாம்.

நாய்க்குப் பயமென்றால் (எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு) நாயோடு வருபவரிடம் கூச்சப்படாமல் "பிடித்துக்கொள்ள முடியுமா?" என்று கேள். உடனே பிடித்துக்கொள்வார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எதிரே வருபவர் "மார்னிங்" என்றால் நீயும் "மார்னிங்" சொல். முன்பின் தெரியாத பெண்ணிடம் எதற்குப் பேசுகிறார்கள் என்று எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாத அதே ஆட்கள் நடைபாதையில் வானிலை பேசுவார்கள், எந்தப் பக்கம் மான் நிற்கிறது என்று நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இங்கே கிடைத்த முதல் சிநேகிதி அந்தப் பாதையில் கிடைத்தவள்தான்.

செலவு? நடந்து உள்ளே போக ஒரு பைசா வேண்டாம், காருக்குத்தான் பார்க்கிங் கட்டணம். நகரத்திலிருந்து வடமேற்கே ஆறு மைல் போல இருக்கும். பஸ்ஸில் போவதானால் முதலில் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பு, முடிந்தால் யாருடைய காரிலாவது சேர்ந்து போ. நியூடவுன் லின்ஃபோர்ட் வாசல் வழியாக நுழைந்தால் லின் என்ற சிற்றாற்றை ஒட்டிச் சமமான பாதை, தள்ளுவண்டிக்கும் வசதி. அந்த வழியிலேயே பெரும்பாலும் மான் தென்படும்.

800 ஏக்கருக்கு மேல் இருக்கும் இந்த இடம் ஏன் இலவசம் என்று தெரியுமா? 13ஆம் நூற்றாண்டிலேயே பிரபுக்கள் மான் வேட்டைக்காக வேலி போட்டு வைத்திருந்த நிலம் இது. 1928-ல் செருப்புத் தைக்கும் இயந்திரத் தொழிலில் பணம் சேர்த்த சார்லஸ் பென்னியன் என்பவர் விலைக்கு வாங்கி, லெஸ்டர்ஷயர் மக்களுக்கே கொடுத்துவிட்டார். நீயும் இப்போது அந்த மக்களில் ஒருத்தி.

பாதையின் பாதியில் சிவப்புச் செங்கல் இடிபாடு ஒன்று வரும். 1553-ல் ஒன்பது நாள் மட்டும் ராணியாக இருந்து, அடுத்த வருடம் தலை வெட்டப்பட்ட ஜேன் கிரே வளர்ந்த வீடு. பதின்வயதுப் பெண். அவளுக்காகத் துக்கம் கொண்டாடித்தான் பூங்காவின் ஓக் மரங்களின் தலையை வெட்டினார்கள் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அந்த மொட்டைத் தலைக் கிழட்டு மரங்களைப் பார்க்காமல் வராதே. உள்ளே பொந்து விழுந்தும் துளிர்த்துக்கொண்டிருக்கும். உடம்பில் தெம்பிருந்தால் மேலே ஓல்ட் ஜான் கோபுரம்வரை ஏறு, காற்று ஆளைத் தள்ளும், காதை மூடிக்கொள்.

மானோடு நிறுத்திவிடாதே. ஓக் அடியில் நில், மேலிருந்து கொட்டை சொட்டுச்சொட்டென்று விழும். நீல இறகு மின்ன ஜே என்ற பறவை அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்க் குளிர்காலத்துக்கு மண்ணில் புதைக்கும். மறந்துபோன கொட்டைதான் பிறகு மரமாகிறது. அக்டோபர் நடுவிலிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் என்ற பறவைகள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து பெர்ரிப் புதர்களில் இறங்கும். அவர்களுக்கு இங்கிலாந்துதான் வெதுவெதுப்பான ஊர்! பிர்ச் மரத்தடியில் வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்புக் காளான் பார்ப்பாய், விஷம், தொடாமல் ரசி. எந்தக் காளானையும் பறிக்காதே. பெரணிக்குள் நடந்தால் உண்ணி ஏறும், வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பைப் பார்த்துக்கொள். உண்ணி கடித்து வரும் லைம் நோய் பற்றி நர்ஸான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்குச் சற்று முன் மறைந்த சூரியன், மறுநாள் ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கினால் நாள் கணக்கில் வெளிச்சமே கண்ணில் படாது. அதனால் லீவு நாளில் காலை வெளிச்சத்தை விடாதே, மனசுக்கு அது மருந்து மாதிரி. அக்டோபர் முதல் வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் அறிவுறுத்துகிறார்கள், நம் தோல் நிறத்துக்கு வருடம் முழுக்கவே நல்லது. நோயாளிகளுக்குச் சொல்லும் நீ உனக்கு மறந்துவிடாதே.

துணிக்குப் பெரிதாகச் செலவழிக்காதே. ஒரே தடிமனான கோட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட் ஒன்று, தர்ம காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஷூ மட்டும் முக்கியம், புல் எப்போதும் ஈரம், கால் நனைந்தால் அன்றைய நாளே போச்சு. பிளாஸ்கில் சுக்குக் காப்பி, டப்பாவில் எலுமிச்சம் சாதம். ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து சாப்பிடு, யாரும் உன்னை வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

நாங்கள் அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை போகிறோம். விடிவதே ஏழரைக்குத்தான், எட்டு மணிக்கு நியூடவுன் லின்ஃபோர்ட் வாசலில் இருப்போம். உன் ஷிப்ட் எப்படி என்று சொல், காரில் ஒரு இடம் இருக்கிறது. கால் அளவையும் எழுது. அன்று மானுக்குப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டவளுடைய நடை பூட்ஸ் ஒன்று, ஐந்தாம் நம்பர், சும்மா கிடக்கிறது.