இசைப்பதிவுக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: விண்டோஸ் மடிக்கணினியில், தம்பூரா சுருதியுடன் பாடிப் பதிவு செய்து, அதன்மேல் கீபோர்டு வாசிப்பையும் சேர்க்க விரும்புகிறேன். ஆடாசிட்டி போதுமா? வேறு மென்பொருளை விலைக்கு வாங்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: பாட்டை மட்டும் பதிவு செய்து, வெட்டி ஒட்டிச் சீர்செய்வதற்கு, 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே போதும். ஆனால், கீபோர்டில் எந்தக் கட்டை எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்பட்டது என்னும் மிடி தகவலை அதில் பதிவு செய்ய முடியாது என்பதால், ஒரு ஸ்வரம் பிசகினாலும் அந்தப் பகுதியை மீண்டும் வாசிக்கத்தான் வேண்டும். எனவே, உங்கள் தேவைக்கு, மிடி தகவலையும் பதிவு செய்யும் ரீப்பர் என்னும் மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். எல்லா வசதிகளுடனும் 60 நாட்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு, தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். அதனுடன் வாத்திய ஒலிகள் அதிகம் வருவதில்லை என்பது குறைதான். அவற்றைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டும். (ஆப்பிள் கணினியாக இருந்தால், கராஜ்பேண்ட் இலவசம்.)

மென்பொருளைவிட உங்களை அதிகம் சோதிக்கப்போவது தாமதம். பாடும் குரல் ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்தி ஒலித்தால் தாளம் நிற்காது. ஏசியோ டிரைவர் (ஒலியை அதிகத் தாமதமின்றிக் கடத்தும் இயக்க மென்பொருள்) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) இணைத்து, பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை, 128 மாதிரிகளாக (ஒலியின் மிகச் சிறு அளவீடுகள்) வைத்தால், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் பஃபரால் ஒரு திசையில் ஏற்படும் தாமதம் 3 மில்லி நொடிக்கும் குறைவே. ஒலி வெடித்துக் கேட்டால் அந்த அளவை 256 ஆக உயர்த்துங்கள்.