மறந்துபோன காய், கீரைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாடியில் பழுபாகல் கொடி நன்றாகப் படர்ந்து நிறையப் பூக்கிறது. ஒரு காய்கூட இல்லை. என்ன உரம் போடலாம்?

உரத்தை விடுங்கள். பழுபாகலில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பூவின் அடியில் பாருங்கள். மென்முள்ளோடு குட்டிக் காய் மாதிரி இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். பெண் கொடி மட்டும் இருந்தாலும் காய்க்காது. விதை போட்டால் பூக்கும்வரை எது எதென்று தெரியாது. அதனால் காய்க்கிற கொடியின் கிழங்கையே கேட்டு வாங்கி நடுங்கள், கூடவே ஆண் கிழங்கு ஒன்று. ஏழெட்டுப் பெண் கொடிக்கு அந்த ஒன்று போதும். பூ அந்தியில்தான் விரியும். மகரந்தம் சேர்க்கும் அந்துப்பூச்சி மாடிக்கு வருமென்று காத்திருக்காமல், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள்.

அப்புறம், மழைக்காலம் போனதும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். கிழங்கு உள்ளே உயிரோடுதான் இருக்கும், அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

சித்திரையில் விதைத்த சிறகு அவரை ஆடி வந்தும் பூக்கவில்லையே?

பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஐப்பசி வாக்கில் பூ வரும், பொறுங்கள். அடுத்த முறை ஆடிப்பட்டத்தில் போடுங்கள், வீணாகக் கொடியை வளர்க்க வேண்டாம். விதைத்தோல் கெட்டி என்பதால் இரவு முழுக்க ஊறட்டும். காய் பட்டென்று ஒடியும் பருவத்திலேயே பறிக்க வேண்டும். முற்றினால் நார்தான்.

தவசிக்கீரையைத் தினமும் பச்சையாக ஜூஸ் போட்டுக் குடிக்கலாமா?

கூடாது. 1990களில் தைவானில் எடை குறைக்க இதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் மீளாத அளவுக்குக் கெட்டது. சிலருக்கு மாற்று அறுவை சிகிச்சையே செய்ய வேண்டியிருந்தது. நர்சரிகளில் ‘மல்டி வைட்டமின் கீரை’ என்று சொல்லி விற்பதால், அளவே கிடையாது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எப்போதாவது ஒரு கைப்பிடி, பருப்போடு வேகவைத்துச் சாப்பிடுங்கள், சரி. வளர்ப்பது சுலபம், குச்சியை ஒடித்து நட்டாலே போதும்.

பிரண்டை தானாக வளர்கிறது, ஆனால் நறுக்கினால் கை அரிக்கிறது.

அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டை மட்டும் கிள்ளுங்கள். கணுவை நீக்கி, நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி வைத்து அரையுங்கள். வதக்கலில் அவசரப்பட்டால் தொண்டையும் அரிக்கும்.