கட்டிகளைச் சேர்க்குமுன் முகங்களைக் கழியுங்கள்

கேள்வி: வயல், வரப்பு, வாய்க்காலோடு ஒரு டெல்டா கிராமத்தை யூனிட்டி விளையாட்டு எஞ்சினில் கனசதுரக் கட்டிகளால் அமைக்கிறேன். 16×16×16 கட்டிகளை ஒரே மெஷ்ஷாகச் (முனைகளும் முகங்களும் கொண்ட வடிவ வலை) சேர்த்தால் உருவம் சிதைகிறது, விளையாட்டும் திணறுகிறது. தண்ணீருக்கடியில் சேறு தெரிவதில்லை. என்ன செய்யலாம்? – மன்னார்குடி வாசகர்

பதில்: ஒரு கட்டிக்கு 6 முகம், முகத்துக்கு 4 முனை, ஆக 24. உங்கள் 4,096 கட்டிகளுக்கு 98,304 முனைகள். யூனிட்டி மெஷ் இயல்பில் 16 பிட் இன்டெக்ஸ் (முனையைக் குறிக்கும் வரிசை எண்) கொண்டது. 65,535 முனைகளுக்கு மேல் தாங்காது. சிதைவு அதனால்தான். 32 பிட்டுக்கு மாற்றினால் சிதைவு போகும், திணறல் போகாது. மண்ணுக்குள் புதைந்த முகங்களை, மெஷ்களை ஒன்றாக்கும் 'கம்பைன் மெஷஸ்' நீக்கித் தராது. யாரும் பார்க்காத அவற்றையும் கிராபிக்ஸ் கார்டு சுமக்கிறது.

ஆயத்தக் கனசதுரங்களை விட்டுவிடுங்கள். கட்டியின் வகையை மட்டும் ஒரு பைட் அணியில் (byte array) வையுங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் 6 பக்கமும் அண்டையைப் பார்த்து, மறைபடாத பக்கத்துக்கு மட்டும் 4 முனையும் 6 இன்டெக்ஸும் (இரண்டு முக்கோணம்) எழுதுங்கள். சுற்றிலும் கீழும் மண்ணே உள்ள சமதள வயல் துண்டில் (16×16×16 கட்டிகள் ஒரு துண்டு) மிஞ்சுவது 256 மேல்முகம், 1,024 முனை. சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கினாலும் 49,152தான். 16 பிட்டே போதும். வெளியிலிருந்து பார்க்கையில் முனைகள் கடிகாரச் சுற்றில் வர வேண்டும். மாறினால் முகம் உள்ளிருந்து மட்டுமே தெரியும்.

சேறு மறைவது வேறு கோளாறு. 'அண்டை வெற்றிடமா?' என்று சோதித்திருப்பீர்கள். 'அண்டை ஒளிபுகாததா?' என்று கேளுங்கள். தண்ணீருக்குத் தனி மெஷ், தனி மெட்டீரியல் (மேற்பரப்பின் தோற்ற அமைப்பு) கொடுங்கள். நீரை ஒட்டிய நீர்முகம் வேண்டாம். இதில் ஒரு வசதி: மேலே இருப்பது காற்றோ நீரோ, மண் மெஷ் ஒன்றேதான். மடை திறந்து வயல் நிரம்பும்போது நீர் மெஷ்ஷை மட்டும் திரும்பக் கட்டினால் போதும்.

துண்டுகளின் ஓரத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். அண்டைத் துண்டைப் பார்க்காமல் வெற்றிடமாகக் கொண்டால் மண்ணுக்குள் வீண் சுவர்கள் முளைக்கும். திடமாகக் கொண்டால் ஓட்டை விழும். சுற்றிலும் ஒரு வரிசை கூட்டி 18×18×18 அணியாகப் படித்துக்கொள்ளுங்கள். ஓரத்து வரப்பை வெட்டினால் பக்கத்துத் துண்டையும் புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகு, ஒரே வகை முகங்களைப் பெரிய செவ்வகமாக இணைக்கும் 'கிரீடி மெஷிங்' பக்கம் போகலாம். மலைநாட்டைவிடத் தட்டையான டெல்டாவுக்கே இதில் ஆதாயம் அதிகம்: வரப்பில்லாத அந்த 256 முகம் ஒன்றாகிவிடும். ஆனால் முகத்தில் ஒட்டிய படம் இழுபடும். யூவியை (படத்தை முகத்தில் பொருத்தும் ஆயத்தொலைகளை) 0 முதல் 16 வரை கொடுத்துத் திரும்பத் திரும்ப வரச் செய்யுங்கள். பல படங்களை ஒட்டிய அட்லஸில் இது பக்கத்துப் படத்துக்குள் வழியும். படங்களைத் தனித்தனி அடுக்காக வைக்கும் டெக்ஸ்சர் அரேதான் சரி. சிறிய, பெரிய செவ்வகங்கள் சேரும் விளிம்பில் ஊசிமுனைப் புள்ளிகள் மினுங்கினால், ஒன்றின் முனை மற்றதன் விளிம்பு நடுவே விழுகிறது என்று பொருள். அது கண்ணை உறுத்தினால் அந்த இடத்தில் செவ்வகத்தைப் பிரித்துவிடுங்கள்.