காய்ச்சலோடு வண்டியை எடுக்கலாமா?
எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், புளியறை வழியாகத் தினமும் பைக்கிலும் சைக்கிளிலும் கேரளத்துக்கு வேலைக்குப் போய் வருகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உடல்நலக் கேள்விகளுக்குப் பொது மருத்துவர் ஒருவரும், விடுப்பு, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) பற்றிய கேள்விகளுக்குத் தொழிலாளர் சட்டம் பார்க்கும் ஒருவரும் பதில் தருகிறார்கள்.

நேற்று இரவிலிருந்து 101 டிகிரி காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்குகிறது. ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் மொத்தமும் போய்விடும். மதியம் 2 மணி ஷிப்டுக்குக் கஞ்சிக்கோடு போகலாமா?
— வாசகர், க.க.சாவடி

போகக் கூடாது. மெஷின் முன்னால் 8 மணி நேரம் நிற்க முடியுமா என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலைக் குணமாக்குவதில்லை, 4 முதல் 6 மணி நேரம் அடக்கி வைக்கிறது. மதியம் 1 மணிக்குப் போட்ட மாத்திரையின் வேகம் மாலை 7 மணிக்குள் தீர்ந்துவிடும். குளிர் நடுக்கம் திரும்ப வரும்போது நீங்கள் லாரிகளுக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலை 544-இல் இருப்பீர்கள்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஒரு தும்மலுக்குக் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு லாரியின் நீளத்தைத் தாண்டிவிடுவீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, வேலைக்குப் போகும்போது முகத்தில் அறையும். லாரியின் மறைவில் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு அதை முந்தி வெளியே வரும் கணத்தில் ஹேண்டில் ஆட்டம் காண்பதை இந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது கை தானாகத் திருத்திக்கொள்ளும். காய்ச்சலில் அந்தத் திருத்தம் தாமதமாகத்தான் வரும்.

இன்னொரு ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். குளோர்பெனிரமைன் என்று இருந்தால் தூக்கம் வரும். செடிரிசின்கூடச் சிலருக்குத் தூக்கம் தரும். அதைப் போட்ட நாளில் வண்டியைத் தொடாதீர்கள். பல சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. அதையும் போட்டுத் தனியாக 650 மி.கி. மாத்திரையும் போட்டால் அளவு இரட்டிக்கும். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது மேல் எல்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

எப்போது திரும்பப் போகலாம்? மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு. ஃப்ளூ காய்ச்சல் என்றால் அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே அடுத்தவருக்குப் பரவும், தொடங்கி 5 முதல் 7 நாள் வரை பரவிக்கொண்டிருக்கும். உங்கள் கேன்டீன் மேஜையில் உட்காருகிறவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் சட்டென்று இறங்கினால் குணமாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். டெங்கு மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்து நின்றால் தலைசுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதுவும் இன்னொருவர் ஓட்டும் வண்டியில். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

வாளையாரிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். காய்ச்சல் இல்லை, வெறும் சளி. மிதிக்கலாமா?
— வாசகர், வாளையார்

கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு என்றால், அதாவது மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால், மிதிக்கலாம். நெஞ்சுச் சளி, மூச்சு வாங்குதல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு இருந்தால் கூடாது. மிதிக்கிற நாளிலும் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். பத்து நிமிடத்தில் தலை கனத்தால் திரும்பிவிடுங்கள், அதற்குள் வீடு பக்கத்தில்தான் இருக்கும்.

காய்ச்சல் உள்ள உடம்போடு கடுமையாக மிதிப்பதைத் தடுப்பதற்கு முக்கியமான காரணம் இதயம். சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும், அப்போது கடும் உழைப்பு ஆபத்து. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் பஸ்ஸில் போய்விட்டுப் பிறகு சைக்கிளை எடுங்கள். மிதிக்கும்போது நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு நின்ற மறுநாளும் நீர்ச்சத்து முழுதாகத் திரும்பியிருக்காது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டரில், கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு மிஞ்சி வயிற்றுப்போக்கைக் கூட்டும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மழையில் நனைந்தால்தான் காய்ச்சல் வருகிறது என்கிறார் அம்மா. உண்மையா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

மழை மட்டுமே காய்ச்சல் தராது, வைரஸோ பாக்டீரியாவோ உள்ளே போக வேண்டும். ஆனால் ஈரத் துணியோடு 8 மணி நேரம் இருப்பது உடம்புக்கு நல்லதல்ல, அந்த அளவில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஒரு செட் பேன்ட், சட்டை, உள்ளாடை, சாக்ஸை பாலித்தீன் பையில் கட்டி வேலை செய்யும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். ரெயின்கோட் பேன்ட் ஷூவுக்கு மேலே விழ வேண்டும். ஷூவுக்குள் செருகினால் தண்ணீர் முழுவதும் ஷூவுக்குள் இறங்கும். ஹெல்மெட் உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் சளி பிடித்த வாரத்தில் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், பின்னால் உட்காருகிறவருக்கு அதே ஹெல்மெட்டைத் தராதீர்கள்.

நான் அதைவிட அதிகம் அஞ்சுவது தேங்கிய நீரை. காலில் சிராய்ப்போ வெடிப்போ உள்ளவர் வண்டி நின்றுபோய்ச் சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கித் தள்ளினால் எலிக்காய்ச்சல் வரலாம். கேரளத்தில் எலிப்பனி என்று சொல்லி மழைக்காலத்தில் எச்சரிப்பது இதைத்தான். அறிகுறி பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வரும், 30 நாள்கூட ஆகலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் இருந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைக்க இடமுண்டு. தண்ணீரில் இறங்கி வேலை செய்தே ஆக வேண்டியவர்களுக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மி.கி. தடுப்பாகத் தருகிறார்கள். சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், கர்ப்பிணிகளும் மற்ற நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் தாங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ஆனால் காய்ச்சலில் படுத்தால் ஒரு பைசா வந்ததில்லை. எப்படி வாங்குவது?
— வாசகர், எட்டிமடை

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 112.50 வரும், அடுத்த ரூபாய்க்கு உயர்த்தி 113 பிடிப்பார்கள். அதைவிட அதிகமாகப் பிடித்தால் முதலாளி தன் பங்கை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று பொருள். மாதச் சம்பள வரம்பு 21,000. அரையாண்டின் நடுவே சம்பளம் அதைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும் வரை பிடித்தமும் உண்டு, உரிமையும் உண்டு.

நோய்க்கால உதவித்தொகை, நாள் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம். ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு அரையாண்டில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி–ஜூனுக்கு உதவும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது அடுத்த ஜூலை–டிசம்பருக்கு உதவும். முதல்முறையாக வேலையில் சேர்ந்தவருக்கு முதல் 9 மாதம் இந்தப் பணம் கிடையாது. வைத்தியம் மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

பணம் வராததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. இரண்டு நாள் காய்ச்சலுக்கு எதுவும் வராததற்குக் காரணம் அதுதான். சராசரி ஊதியம் 600 என்றால் நாளுக்கு 420. ஆறு நாள் சான்றிதழ் என்றால் நான்கு நாளுக்கு 1,680 வரும். அந்த முதல் இரண்டு நாளை உங்கள் சொந்தச் சம்பள விடுப்பில் போடுங்கள். சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது, ஆகவே ஆறு நாளையும் சொந்த விடுப்பில் கழித்துவிடாதீர்கள். முன்பு பணம் பெற்ற நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் இந்த 2 நாள் கழிவு இல்லை.

இரண்டாவது காரணம், சான்றிதழ். தனியார் கிளினிக் சீட்டை எச்.ஆர். கையில் கொடுத்தால் அது லீவுக்கு மட்டுமே பயன்படும். பணத்துக்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் முதல் சான்றிதழும், வேலைக்குத் திரும்பலாம் என்ற கடைசிச் சான்றிதழும் வேண்டும். இரவில் அவசரமாகத் தனியாரிடம் போனால் சீட்டு, பில், பரிசோதனை முடிவோடு மறுநாளே டிஸ்பென்சரிக்குப் போய்ப் பதியுங்கள். சான்றிதழ் காலத்தில் வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது.

வேலை கேரளத்தில், குடும்பம் தமிழ்நாட்டில். வைத்தியம் எங்கே?
— வாசகி, மதுக்கரை

இ.எஸ்.ஐ. மத்தியத் திட்டம், மாநில எல்லை தடையில்லை. பதிவின்போது உங்களுக்கு ஒரு டிஸ்பென்சரியும் குடும்பத்துக்கு வேறொன்றும் குறிப்பிட இடம் உண்டு. இரண்டையும் கம்பெனி பக்கத்திலேயே போட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். காய்ச்சலோடு எல்லை தாண்டி வண்டி ஓட்டிப் போய்ச் சான்றிதழ் வாங்கும் நிலை வேண்டாம்.

ஆரியங்காவில் கடையில் வேலை. “கடைக்கெல்லாம் சிக் லீவு கிடையாது” என்கிறார் முதலாளி.
— வாசகர், புளியறை

உண்டு. 1960-ஆம் ஆண்டு கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்குச் சம்பளத்தோடு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் இருக்கின்றன. முதல் ஆண்டிலேயே எடுக்கலாம். தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அளவு தருகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்குத்தான் தனியாக நோய் விடுப்பு இல்லை. உழைத்த 20 நாளுக்கு 1 நாள் வீதம் சேரும் ஆண்டு விடுப்பும், இ.எஸ்.ஐ.யும்தான்.

வேலைக்குப் போகும் வழியில் விழுந்து கை முறிந்தது. கம்பெனிக்கு வெளியே நடந்ததால் பொறுப்பில்லை என்கிறார்கள்.
— வாசகர், வேலந்தாவளம்

அது சரியல்ல. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலை முடிந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை தொடர்பான விபத்தே என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. இதில் உதவித்தொகை 90 சதவீதம், 78 நாள் கணக்கும் பார்ப்பதில்லை.

ஆனால் நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்துவதை நீங்கள் காட்ட வேண்டும். பலருக்குக் கை நழுவுவது இங்கேதான். ஆஸ்பத்திரியில் “வண்டியில் வழுக்கி விழுந்தார்” என்று மட்டும் எழுதவிடாதீர்கள், “வேலைக்குச் செல்லும் வழியில்” என்பதையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். ஷிப்ட் பட்டியல், பஞ்ச் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எல்லையில் விழுந்தவரை இந்தப் பக்க ஸ்டேஷனும் அந்தப் பக்க ஸ்டேஷனும் அலைக்கழித்தால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான வழியை விட்டுச் சொந்த வேலைக்கு எங்காவது போயிருந்தால் உங்கள் வாதம் பலவீனப்படும். ஷிப்ட் நடுவே உடம்பு முடியாமல் கிளம்பினால் கேட் பாஸ் வாங்காமல் வெளியேறாதீர்கள்.

சிக்குன்குனியா விட்டு ஒரு மாதம். விரல் மூட்டு வலிக்கிறது. கிளட்ச் பிடிக்க முடியவில்லை.
— வாசகர், மீனாட்சிபுரம்

இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, கிளட்சையும் முன் பிரேக்கையும் முழுதாக இருபது முறை பிடித்துப் பாருங்கள். விரல் வழுக்கினாலோ வலியில் பாதியில் விட்டாலோ அன்று ரோட்டுக்கு வேண்டாம். காலையில் மூட்டு இறுக்கம் அதிகம் என்பதால் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்துவிட்டுச் சோதியுங்கள்.

வண்டியையும் பாருங்கள். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டாலே பிடிக்கும் பாரம் நன்றாகக் குறையும். இழை பிரிந்த கேபிளை மாற்றிவிடுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் பல வண்டிகளுக்குச் சரியான அளவு. லேசாக இருக்கட்டும் என்று ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் தட்டு வழுக்கித் தேயும். வீட்டில் கியர் இல்லாத ஸ்கூட்டர் இருந்தால் சில வாரம் அதில் போங்கள்.

நான் சூப்பர்வைசர். ஒரு நாள் லீவுக்கும் டாக்டர் சீட்டு கேட்கச் சொல்கிறார்கள். கேட்கட்டுமா?
— வாசகர், கஞ்சிக்கோடு

ஒரு நாள், இரண்டு நாளுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சீட்டுக்காகவே காய்ச்சல்காரர் வண்டி எடுத்து, கிளினிக் கூட்டத்தில் உட்கார்ந்து பரப்பிவிட்டுத் திரும்புவார். சீட்டு வாங்க முடியாதவர் வேலைக்கே வந்துவிடுவார். மூன்றாம் நாளிலிருந்து கேளுங்கள், அப்போது டாக்டரைப் பார்ப்பது அவருக்கே அவசியம். ஷிப்ட் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு வாட்ஸ்அப்பில் “காய்ச்சல், இன்று வர இயலாது, நாளை மாலை நிலவரம் சொல்கிறேன்” என்று ஒரு வரி வந்தால் போதும் என்று அறிவியுங்கள். அட்டெண்டன்ஸ் போனஸை ஒரே லீவில் முழுதாகப் பறிக்காமல் நாள் கணக்கில் கழிக்க நிர்வாகத்திடம் பேசுங்கள். ஷிப்ட் நடுவே காய்ச்சல் கண்டவரைத் தன் பைக்கில் அனுப்பாதீர்கள். கம்பெனி வேனிலோ பஸ்ஸிலோ அனுப்பி, வண்டியை உள்ளே நிறுத்திச் சாவியைக் கேட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.