சின்னக் கட்சிகளிடம் உள்ளாட்சிக்கென்று கொள்கை இருக்கிறதா?

உள்ளாட்சித் தேர்தலில் சின்னக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடலாமா, உள்ளூருக்குப் பொருந்துகிற கொள்கை அவர்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொள்கைக்குப் பஞ்சமே இல்லை. உள்ளாட்சி மன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகிற கொள்கைதான் அரிது. நான் இருப்பது அவிநாசிப் பக்கம் ஒரு பேரூராட்சி. 2022 பிப்ரவரித் தேர்தலில் வீட்டுக்கு வந்த ஒரு நோட்டீஸ் இன்னும் நினைவிருக்கிறது. முன்பக்கம் தலைவர் படம், கச்சத்தீவு மீட்பு, நீட் விலக்கு, கள் இறக்க அனுமதி. பின்பக்கம் கடைசி வரியில் ‘சாக்கடை, தெருவிளக்கு வசதி செய்து தரப்படும்’. நின்றவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன். ஆனால் பேரூராட்சி தீர்மானம் போட்டா கள்ளுக்கு அனுமதி வரப்போகிறது? நல்ல தண்ணி ஏன் வாரம் ஒருதடவைதான் வருகிறது, வாரச்சந்தையைக் குத்தகைக்கு விட்டதில் எவ்வளவு வந்தது, லைன் வீடுகளுக்கு (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற வீடுகள்) எந்தக் கணக்கில் வரி போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பெரிய கட்சி நோட்டீஸும் இதைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஆட்சியைக் காட்டி ஓட்டுக் கேட்கலாம், சின்னக் கட்சிக்கு அந்த வசதியும் கிடையாது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிராமத்தில் ஒருவர் நான்கு ஓட்டுப் போடுகிறார். ஊராட்சி வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர்கள்தான் கட்சி சார்பில் நிற்கிறார்கள். ஆகவே ஊராட்சித் தலைவர் பதவியில் கட்சியின் கொள்கை என்ற பேச்சுக்கே சட்டப்படி இடமில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை போட்டு, ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றது. நாடு முழுக்கப் பேசப்பட்ட இந்த வேலை எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலிருந்தும் வரவில்லை. தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கட்டுகிற கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஊராட்சி யோசித்ததில் வந்தது.

நகரத்தில் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று 18 பொறுப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் ஆணையரை நியமிப்பது மாநில அரசு. 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்து கவுன்சிலர்கள் சீட்டில் உட்கார்ந்து சூடு ஆறவில்லை, ஏப்ரலில் சொத்து வரி உயர்வை சென்னையில் அறிவித்தார்கள். மன்றங்கள் தீர்மானம் போட்டுக் கொடுத்தன.

சரி, உருப்படியாக யாரிடம் இருக்கிறது? என் கணக்கில் கம்யூனிஸ்ட் கட்சிகளிடம் கொஞ்சம் உண்டு. அவர்களின் பெரிய அரசியல் எனக்கு ஒத்துவராது, அது வேறு விஷயம். கோவையில் 24 மணி நேரக் குடிநீர் விநியோகத்தை சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு 26 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்ததை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். ஒப்பந்தக் கூலியில் இருக்கிற தூய்மைப் பணியாளர்களுக்கு மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியைக் கொடு என்று கேட்பதும் அவர்களின் சங்கங்கள்தான். இரண்டுமே மாநகராட்சி முடிவெடுக்க வேண்டிய சங்கதிகள். சூயஸ் ஒப்பந்தம் போட்ட 2018இல் கோவையில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2016இலிருந்து 2022 வரை அதிகாரிகள் ராஜ்ஜியம்தான்.

ஆனால் 2022இல் அதே கட்சிகள் திமுக கூட்டணியில் மன்றத்துக்குள் வந்தன. ஒப்பந்தம் பாட்டுக்குத் தொடர்ந்தது. இங்கேதான் சிக்கல். அந்தத் தேர்தலில் கோவையின் 100 வார்டில் அதிமுகவுக்கே 3தான் கிடைத்தது. தனியாக நின்றால் சின்னக் கட்சிக்கு ஒரு வார்டு தேறுவதே பெரிய பாடு, கூட்டணியில் வந்தால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கும் நொய்யல் ஆற்றுக்கும் குரல் கொடுத்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது மனசுக்கு நெருக்கமான விஷயம். ஆயிரத்துக்கும் மேல் குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் நிரப்புகிற அந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியும் ஆயிற்று. ஆனால் அது மாநில அரசின் வேலை. குட்டைக்குத் தண்ணீர் வரும் வழியில் சாக்கடையைக் கொண்டுபோய் விடாமல் பார்ப்பதுதான் உள்ளாட்சியின் வேலை, அதற்குக் கட்சியின் திட்டம் என்ன என்று கேட்டால் பதில் மெலிந்துவிடுகிறது. மக்கள் நீதி மய்யம் கிராம சபையை ஊரெல்லாம் பேச வைத்தது, அதற்கு ஒரு சபாஷ். நகரத்துக்கும் அதே மாதிரி வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகள் 2022இல் வந்தன. அவற்றை உயிரோடு வைத்திருக்க வார்டுக்கு வார்டு ஆள் வேண்டும், அது அவர்களிடம் இல்லை. நாம் தமிழர் கட்சி தற்சார்பு, மரம், ஏரி என்று பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஏரிக்கு வரவு செலவில் எத்தனை ரூபாய் என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

ஒரு மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? பொருள் நிரலில் இருபது முப்பது இனம் இருக்கும். ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்’ என்று எழுத்தர் வாசிப்பார், தலையாட்டல், அடுத்தது. போர்வெல் மோட்டார் பழுது, பைப் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் என்று எல்லாம் ஏற்கெனவே செலவானவை. எங்கள் ஊர் மன்றத்தில் ஒரு சின்னக் கட்சி உறுப்பினர், ஒற்றை ஆள், ‘இதே மோட்டார் போன கூட்டத்திலும் பழுது பார்த்ததாக வந்ததே?’ என்று எழுந்து கேட்டார். அந்த இனத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அவர் கட்சியின் கொள்கை விளக்கம் எதிலும் மோட்டார் இல்லை. பொருள் நிரலை முன்கூட்டியே வாங்கிப் படித்திருந்தார், அவ்வளவுதான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கட்சிக் கொள்கையைக் கேட்காதீர்கள். நம்மூர்க் குப்பை இப்போது எங்கே போகிறது, அதை வேறெங்கே கொண்டுபோகலாம், போன வருஷம் சொத்து வரி எவ்வளவு வசூலானது என்று கேளுங்கள். தெரியாவிட்டாலும் ‘விசாரித்துச் சொல்கிறேனுங்க’ என்று போய், மறுபடி வருகிறாரா பாருங்கள். வந்தால் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் போட்டுவிடுவேன்.

அப்புறம், கொங்கு மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, அடுத்த தேர்தல் நடத்தாமலேயே பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. உள்ளாட்சி பற்றிப் பேசுகிறோம் என்கிற கட்சி எதுவானாலும், அப்போது எத்தனை சத்தம் போட்டது என்று தேடிப் பாருங்கள்.